பொட்டைச் சுற்றித் துடைத்தேன்

இரண்டு வருடங்களுக்கு முன், ஓர் இலையுதிர்காலத்தில், லண்டன் பிளேஸ்டோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாகப் புத்தம் புதிய கார் வந்தது. அதுவரை அப்பா ஓட்டியதெல்லாம் யாரோ ஓட்டிக் களைத்த பழைய வண்டிகள்தான். இது என் சம்பளத்தில் வாங்கியது. மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என் தொழில். எதையும் ஒன்று, இரண்டு என்று இலக்கம் போட்டு எழுதாவிட்டால் எனக்கு மனம் அடங்காது.

வாங்கிய கையோடு ஆர்ச்வே முருகன் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்தோம். ஐயர் காரின் முகப்பில் உள்ள சின்னத்தின் மேல் சந்தனத்தை நன்றாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்றியதும் அம்மா வாசலுக்கு வந்து, அதே இடத்தில் புதிதாகச் சந்தனம் குழைத்து வைப்பார்.

கொஞ்ச நாளிலேயே தொல்லை தொடங்கியது. முன்னால் ஏதாவது தடை வந்தால் கார் தானாக நிற்பதற்கு அதில் ஒரு ராடார் உண்டு. அது வேலை செய்யவில்லை என்று திரையில் எச்சரிக்கை வரும், போகும். ஒருநாள் ஈஸ்ட் ஹாமில், முன்னால் ஒன்றுமே இல்லாத இடத்தில், கார் தானாகப் பிரேக் அடித்தது. பின்னால் வந்த வான் எங்களை இடிக்காமல் நின்றது பெரிய காரியம். அம்மா "முருகா!" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

கார் விற்ற நிறுவனத்தின் கராஜில் கொண்டுபோய் விட்டேன். என் வயதை ஒத்த ஒரு மெக்கானிக் அதைப் பரிசோதித்து, பழுது எதுவும் இல்லை என்று எழுதித் திருப்பித் தந்தார். சில நாள் நன்றாக ஓடியது. பிறகு மறுபடியும் அதே எச்சரிக்கை.

இந்த நாட்டுச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். புது வண்டியில் பழுது இருந்து, திருத்துவதற்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தும் அது தீரவில்லை என்றால், வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம்.

"விடாதை பிள்ளை. எங்களைக் கண்டா உவங்களுக்கு இளக்காரம்," என்றார் அப்பா.

விடவில்லை. பழுதுகளை வரிசைப்படுத்தி அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். கையேட்டில் சொன்னபடி முகப்பைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருக்கிறேன் என்றும் சேர்த்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த மெக்கானிக் காரைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார், பொய் சொல்கிறார் என்றும் எழுதினேன். காரைத் திருப்பி எடுக்க அவர்கள் சம்மதித்தார்கள். விசாரணை முடியும்வரை அந்த மெக்கானிக்கை வாடிக்கையாளர்களின் வண்டிகளைத் தொட விடுவதில்லை என்றும் பதிலில் இருந்தது. அந்த வரியை நான் திருப்தியோடு இன்னொரு முறை வாசித்தேன்.

காரை ஒப்படைக்கும் நாள் காலையில், நானும் அப்பாவும் புறப்படும்போது அம்மா ஈரத்துணியோடு ஓடி வந்தார்.

"பொறு பிள்ளை. சாமிப் பொட்டோட ஆரோ ஒருத்தனுக்குக் குடுக்கக் கூடாது."

சின்னம் பளபளக்கும்வரை துடைத்தார்.

வழி நெடுக ஓர் எச்சரிக்கையும் வரவில்லை. அப்பாவுக்குச் சிரிப்பு. "பாத்தியே, திருப்பிக் குடுக்கப் போறம் எண்டு தெரிஞ்சோடன என்ன மாதிரி நல்ல பிள்ளையா ஓடுது!"

என்னால் சிரிக்க முடியவில்லை. ராடார் அந்தச் சின்னத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. அது எனக்குத் தெரியும், கையேட்டில் படமே இருந்தது. ஒவ்வொரு முறையும் பொட்டைக் கலைக்காமல் அதைச் சுற்றித்தான் துடைத்திருக்கிறேன். சந்தனம் அழுக்காக என் கண்ணுக்குப் படவே இல்லை. கராஜில் வண்டியைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே எடுப்பார்கள். அந்த மெக்கானிக் பார்த்தபோது உண்மையிலேயே பழுது இல்லை.

நான் வாய் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஷோரூமுக்குள் நுழையும்வரை வாய் திறக்காமல் இருப்பதாகத்தான் முடிவு செய்திருந்தேன்.

மேலாளர் பத்திரங்களை எடுக்கப் போனபோது, அந்த மெக்கானிக் பின்பக்கமிருந்து வந்தார். பழுதைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கு மன்னிக்க வேண்டும் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அதற்குமேல் தாங்க முடியவில்லை. மேலாளர் திரும்பி வந்ததும் இருவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன்.

மேலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். மெக்கானிக் சிரிக்கவில்லை. இதை எழுத்தில் தர முடியுமா என்று மட்டும் கேட்டார். நின்றபடியே எழுதிக் கொடுத்தேன். அவர் அதை முழுவதும் வாசித்துவிட்டு, எனக்கு நன்றி சொன்னார்.

காரைக் கொடுக்காமல் அதிலேயே வீடு திரும்பும்போது அப்பா, "கொம்மாவுக்கு இதைச் சொல்லிப்போடாதை. அவ தாங்கமாட்டா," என்றார்.

கராஜில் திருத்திவிட்டார்கள் என்று அம்மாவிடம் சொல்லி, ஏதோ ஒரு சாட்டில் பொட்டின் இடத்தை மாற்றினோம். அம்மா இப்போது அதைப் பின்கதவில் வைக்கிறார். வைக்கும்போதெல்லாம், காரைத் திருத்தித் தந்த அந்தப் பெடியன் கெட்டிக்காரன், நல்லாயிருக்க வேணும் என்று வாழ்த்துகிறார். பக்கத்தில் நிற்கும் எனக்கோ, அந்த மெக்கானிக் அன்று சொன்ன நன்றியை எங்கே வைப்பது என்று இன்றுவரை தெரியவில்லை.