எங்கள் ஹோலைப் பெரிதாக்கிய கமரா

போன வருஷம் ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து சில வாரம் கழித்து, இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு ஹோலில் நடந்தது இது. கோபம் ஆறின பிறகு எழுதலாம் என்று பார்த்தேன். ஆறவில்லை. அதனால் இப்படியே எழுதுகிறேன்.

மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேசத் தொடங்கியிருந்தோம். எங்கள் பக்கத்துப் பழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் குடியிருப்பார். பெற்றவர்கள் பின்னால் ஒரு அறையும் சமைக்க ஒரு குசினியும் போட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். என் உம்மா எனக்குத் தந்த வீட்டைச் சுனாமியில் கடல் கொண்டுபோனது. இப்போது இருப்பது, என் கணவர் கட்டாரில் வாகனம் ஓட்டி அனுப்பிய காசில் வருஷத்துக்கு ஒரு சுவராக எழும்பிய வீடு. சின்ன வீடுதான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

புரோக்கர் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். பக்கத்து ஊர்ப் பையன், அரசாங்க வேலை. நல்ல பிள்ளை என்று என் மகளோடு படித்த ஒருத்தியும் சொல்லியிருந்தாள். "உங்கட விருப்பம் உம்மா" என்று எனக்குச் சொல்லிவிட்டு, அன்றைக்கு முழுக்க என் மகள் தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு திரிந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு இந்தக் கலியாணத்தை எப்படியாவது முடிக்க வேண்டும் என்று எனக்கு வெறி வந்துவிட்டது.

அடுத்த நாள் புரோக்கர் போன் எடுத்தார். "தங்கச்சி, அவங்க உங்கட வீட்டுப் போட்டோ கேக்கிறாங்க. வாட்ஸ்அப்ல போட்டு விடுங்க."

பெண்ணைப் பற்றி எதுவும் கேட்கவில்லையா என்றேன். அது பிறகு பார்க்கலாம் என்றார்.

மஃரிப் தொழுதுவிட்டு, டியூப் லைட் வெளிச்சத்தில் நாலு படம் எடுத்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது. "என்ன தங்கச்சி இது, பொலிஸ் கூண்டு மாதிரி இரிக்கி. நல்லா எடுங்க."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. யூடியூப்பில் தேடி, போனில் படம் எடுப்பது எப்படி என்று ஒருவர் சொல்லித் தருவதை உட்கார்ந்து பார்த்தேன். முதலில் கமராக் கண்ணைத் துடையுங்கள் என்றார். துடைத்தேன், மீன் கழுவின கையால் போனைப் பிடிக்கிற எனக்கு அது தேவைதான். இரவில் எடுக்காதீர்கள், காலையில் யன்னலைத் திறந்து, யன்னலுக்கு முதுகு காட்டி நின்று எடுங்கள் என்றார். நெஞ்சு உயரத்தில் நேராகப் பிடியுங்கள், திரையில் கோடு வரும், அந்தக் கோட்டோடு சுவரைச் சேர்த்துப் பாருங்கள் என்றார். எல்லாம் செய்தேன். நல்ல மனுஷன், அவரில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அறை முழுக்கத் தெரிய வேண்டுமென்றால் பின்னால் போங்கள் என்றும் சொன்னார். எங்கே போவது? எங்கள் ஊரில் வீட்டோடு வீடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இரண்டு எட்டுப் பின்னால் வைத்தால் முதுகில் சுவர் இடிக்கும். வெளியே நின்று எடுக்கலாம் என்று போனால் அடுத்த வீட்டுக் குசினிக்குள் நிற்பேன்.

அப்போதுதான் திரையின் கீழே 0.5 என்று ஒரு சின்ன எண் இருந்தது கண்ணில் பட்டது. தொட்டேன். ஹோல் முழுவதும் படத்துக்குள் வந்துவிட்டது. ஓரத்தில் இருந்த கதிரை சோபா மாதிரி நீண்டிருந்தது. அதைப் பார்த்துச் சிரித்தேனே தவிர, எதிர்ச் சுவர் தூரத்துக்குப் போய் நிற்பதை நான் கவனிக்கவில்லை. அந்த எண்ணைத் தொட்டால் கமரா எல்லாவற்றையும் விரித்துக் காட்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அறை, குசினி, கிணற்றடி எல்லாவற்றையும் அப்படியே எடுத்து அனுப்பினேன். "இப்ப சரி. வெள்ளிக்கிழமை வாறாங்க," என்றார் புரோக்கர்.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா, மாப்பிள்ளையின் மாமா, கூடவே புரோக்கர். என் பக்கத்துக்கு, எனக்கு மூத்தவரான என் காக்கா மட்டும். மகள் உள்ளறையில் புது உடுப்போடு இருந்தாள். நான் வட்டிலப்பம் அவித்து வைத்திருந்தேன்.

மாமா கதிரையில் உட்காரவே இல்லை. போனில் நான் அனுப்பிய படத்தைத் திறந்து, ஹோலின் நடுவில் நின்று, படத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது அந்த ஹோல் இல்லையே."

"இதுதான்," என்றேன்.

"அப்ப மிச்சம் எங்க?"

மிச்சம் எங்கே என்று கேட்கிறார். ஹோலை நான் எங்கே கொண்டுபோய் ஒளித்து வைப்பது? என் போனை எடுத்து, அந்த எண்ணைத் தொட்டு, கமரா எப்படிக் காட்டுகிறது என்று விளங்கப்படுத்தினேன். வேண்டுமென்று செய்யவில்லை என்றேன்.

"கமரா என்ன செய்யும்? எடுக்கிற ஆள்தான் செய்யிற," என்றார்.

புரோக்கரைப் பார்த்தேன். அவர் சொன்னார்: "நான் வெளிச்சமா எடுங்கண்டுதான் சொன்ன. இழுத்து எடுங்கண்டு சொல்லல்ல."

களவெடுத்துப் பிடிபட்ட கள்ளியைப் போல என் சொந்த ஹோலில் நின்றேன். அப்போதும் எனக்கு மகளின் சிரிப்புத்தான் ஞாபகம். "மேல ஒரு மாடி போட்டுத் தாறம்" என்று என் வாய் சொல்லிவிட்டது. அதைக் கேட்டதும் மாமா முதல் தடவையாகக் கதிரையில் உட்கார்ந்தார்.

மாப்பிள்ளையின் உம்மா எழும்பி வீட்டைச் சுற்றத் தொடங்கினா. குழாயைத் திறந்து பார்த்தா. கிணற்றை எட்டிப் பார்த்தா. கழிவறைக் கதவைத் தள்ளிப் பார்த்தா. கடைசியாக மகள் இருந்த அறை. மகள் எழும்பி ஸலாம் சொன்னாள். அந்த உம்மா கூரையைப் பார்த்துக்கொண்டே பதில் ஸலாம் சொல்லி, குனிந்து கட்டிலைப் பார்த்து, "அலுமாரி வெச்சா கட்டில எங்க வெக்கிற?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, கதவைச் சாத்தினா. உள்ளே என் பிள்ளை நின்றுகொண்டிருக்கிறாள்.

அதோடு எனக்குப் போதும்.

"ராத்தா," என்றேன், "உங்கட மகன்ட போட்டோவும் என்ட போன்ல இரிக்கி. மாவு பூசின மாதிரி வெள்ளை. கன்னத்துல ஒரு பரு இல்ல. அவர வெயில்ல நிப்பாட்டி நாங்க சரி பார்த்தமா? நான் வீடு விக்கப் போடல்ல. வீடு வாங்க வந்தா விலையக் கேளுங்க. என்ட புள்ளயப் பாக்க வந்தா, திரும்பப் போய் அவள்ட முகத்தப் பாருங்க. மாடியும் இல்ல, ஒண்டும் இல்ல."

"வீடு சின்னன், வாய் பெரிசு," என்றார் மாமா.

"அது கமராவுல எடுத்ததில்ல," என்றேன்.

காக்கா எதுவும் பேசாத மனுஷன். எழும்பிப் போய் வாசல் கதவை அகலத் திறந்து வைத்தார். அவர்கள் போய்விட்டார்கள். வட்டிலப்பத்தை ஒருவரும் தொடவில்லை. என் மகள் என்ன படித்தாள், என்ன செய்கிறாள், அவளுக்கு என்ன பெயர் என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை.

அறைக்குள் போக எனக்குப் பயமாக இருந்தது. மகள் கட்டிலில் இருந்தாள். "உம்மா, அவ கட்டிலுக்குக் கீழயும் பாத்தா, நான்தான் கண்ணுல படல்ல" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. பிறகு கேட்டாள்: "மாடி போடுறண்டு ஏன் சொன்னீங்க? அப்ப வாப்பா எப்ப வாற?"

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் கணவர் அந்த வருஷம் முடியக் கட்டாரை விட்டு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

படத்தில் ஏமாற்றுகிறவர்கள் என்று அந்தப் புரோக்கர் எங்களைப் பற்றி ஊரில் சொல்லித் திரிந்தார். சொல்லட்டும். இப்போதும் சம்பந்தம் வருகிறது, இப்போதும் முதலில் வீட்டுப் படம்தான் கேட்கிறார்கள். ஒரு படமும் அனுப்புவதில்லை, பிள்ளையைப் பற்றி நாலு கேள்வி கேளுங்கள், பிறகு வந்து வீட்டைப் பாருங்கள் என்கிறேன். சிலர் அதோடு போனை வைத்துவிடுகிறார்கள். கணவர் வந்துவிட்டார், ஹோல் அதே அளவில்தான் இருக்கிறது, மகளும் எங்களோடுதான் இருக்கிறாள்.

அன்றைக்கு அந்த உம்மா என் மகளின் முகத்தைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்திருந்தால் போதும், சொன்ன வாய்க்கு மாடியும் கட்டிக் கொடுத்து, என் கணவரை இன்னும் எத்தனையோ வருஷம் அந்தக் கட்டார் வெயிலிலேயே விட்டிருப்பேன். அதை நினைக்கிறபோது அவர்கள் மேல் வருகிற கோபத்தில் ஒரு பங்கு என் பக்கமும் திரும்புகிறது.