பிஸ்டல் என்று வந்த லைசென்ஸ்

திண்டுக்கல்லில் துப்பாக்கிக் கடை கவுண்டரில் நின்ற காலத்தில், நான் துப்பாக்கி விற்றதைவிட "இன்னும் வரலைண்ணே" என்று சொன்னதுதான் அதிகம். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும் என்று பெரியகருப்பன் விவகாரத்தை எழுதுகிறேன். இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

1. மனு

பெரியகருப்பன் அய்யலூர் ஆட்டு வியாபாரி. தம்பி சோலையும் அவரும் கூட்டு, ஒரே ஆட்டுப் பட்டி. சந்தை முடிந்து பணத்தோடு திரும்பியவரை வழிமறித்து மண்டையை உடைத்துவிட்டார்கள். தையல் பிரித்த கையோடு தம்பியைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"மடியில வச்சுக்கிற மாதிரி சின்னதா ஒண்ணு குடு அப்பு. நீளத் துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு ஆட்டையும் பிடிக்க முடியாது."

கொடைக்கானலைவிட்டுச் சீமைக்குப் போன எஸ்டேட் துரை ஒருவர் எங்களிடம் விற்ற ரிவால்வர் ஒன்று இருந்தது. வெளிநாட்டுச் சரக்கு வருவது நின்றுபோன நேரம். அதை விட்டால் வேறு கிடையாது. முதலாளி அதை அவருக்கென்று இரும்புப் பெட்டியில் எடுத்து வைத்தார். லைசென்ஸ் மட்டும்தான் பாக்கி.

அந்த 'மட்டும்' என்ன பாடு படுத்தியது தெரியுமா! அப்போது நாங்கள் மதுரை ஜில்லா. மனு மதுரைக் கலெக்டர் ஆபீசுக்குப் போய், தாலுகாவுக்கு இறங்கி, கிராம முன்சீப்பிடம் வந்தது. அவர், 'மனுதாரர் உயிருக்கு ஆபத்து இருப்பதாகத் தெரியவில்லை' என்று எழுதிவிட்டார். மண்டையில் தழும்பு இருக்கிறதே என்று தாலுகா ஆபீஸ் கிளார்க்கிடம் போய்க் கேட்டேன்.

"அது பழைய ஆபத்துய்யா. இப்ப ஆபத்து இருக்கான்னுல்ல கேட்டிருக்கு? புதுசா ஏதாச்சும் நடந்தா வரச் சொல்லும்."

அடப்பாவி! இன்னொரு தரம் மண்டை உடைய வேண்டுமாம். திரும்ப மனு எழுதினோம். அது பாதி வழியில் இருக்கும்போது கலெக்டர் மாற்றலானார். புதியவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து விசாரிக்கச் சொன்னார். நீளத் துப்பாக்கி ஏன் போதாது என்று ஒரு கேள்வி வந்தது, பதில் போனது, அதே கேள்வி மறுபடி வந்தது.

பெரியகருப்பன் டவுனுக்கு வரும்போதெல்லாம் கடையில் வந்து உட்கார்ந்து சோடா குடிப்பார்.

"நான் மனுக் குடுத்தப்ப வாங்குன ஆடு சினையாகி, குட்டி போட்டு, குட்டியும் சந்தைக்கு வந்திருச்சு. ஒங்க காயிதம் வரலையே தம்பி."

என் காகிதமா அது? திட்டெல்லாம் எனக்குத்தான்.

2. வந்தது

ஒருவழியாக லைசென்ஸ் வந்தது. அண்ணனும் தம்பியும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். பிரித்துப் பார்த்தால், 'பிஸ்டல்' என்று டைப் அடித்திருக்கிறது. எங்களிடம் இருந்தது ரிவால்வர். அது வேறு ஆயுதம், அதற்குத் தோட்டாவும் வேறு. ஒன்றுக்கு வாங்கிய லைசென்ஸில் மற்றதைக் கொடுத்தால் எங்கள் கடைக்குப் பூட்டு.

"ரெண்டும் சுடத்தான செய்யும்? அப்பறம் என்ன?" என்றான் சோலை.

"திருத்தத்துக்கு அனுப்பணும்" என்றேன். முதலாளி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

3. அவர் தனியாக வந்த நாள்

திருத்தம் மதுரையில் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் பெரியகருப்பன் தனியாக வந்தார். சட்டை கிழிந்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எடு அப்பு. அதான் லைசென்ஸ் வந்திருச்சுல்ல, எடு."

"என்னண்ணே ஆச்சு?"

"சோலைப் பய எனக்குத் தெரியாமப் பட்டியப் பிரிச்சுட்டான். கேக்கப் போனா எஞ்சட்டையப் பிடிக்கிறான். கூடப் பொறந்தவன்! எடுங்கிறேன்ல?"

முதலாளி ஊரில் இல்லை. பெட்டிச் சாவி என் இடுப்பில் இருந்தது. சட்டையை இழுத்துவிட்டு அதை மறைத்தேன்.

"திருத்தம் வரலைண்ணே" என்றேன். அத்தனை நாள் நான் வாயாரத் திட்டிய அதே திருத்தத்தின் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

"நீயும் ஆபீஸ்காரனாயிட்டியாடா!" என்று கவுண்டர் கண்ணாடியில் ஓங்கிக் குத்தினார். கண்ணாடி உடைந்தது. ரத்தம் சொட்டச் சொட்ட இறங்கிப் போனார்.

வீட்டுக்குப் போய், ஆட்டுக்குக் குழை ஒடிக்கிற தொரட்டிக் கம்பால் தம்பியை அடித்திருக்கிறார். சோலைக்கு வலது கை முறிந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை. போலீசுக்குப் போகாமல் ஊருக்குள்ளேயே பேசி முடித்துக்கொண்டார்கள்.

4. திருத்தம்

பல மாதம் கழித்துத் திருத்தம் வந்ததும் சொல்லி அனுப்பினேன். இரண்டு பேருமாக வந்தார்கள். சோலையின் கை கோணலாகக் கூடியிருந்தது. ரிவால்வரை எடுத்துக் கவுண்டரில் வைத்தேன். பெரியகருப்பன் அதைத் தொடவில்லை.

"உள்ள வச்சுரு அப்பு. அன்னைக்கு நீ குடுத்திருந்தா எனக்கு இவன் இல்ல" என்றவர், கடை என்றும் பாராமல் அழுதுவிட்டார்.

"விடுண்ணே, வண்டிக்கு நேரமாச்சு" என்றான் சோலை.

லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்க நான்தான் மனு எழுதினேன். 'ஆயுதத்தை ஏன் ஒப்படைக்கவில்லை?' என்று நோட்டீஸ் வந்தது. வாங்கவே இல்லை என்று நிரூபிக்க மறுபடியும் கிராம முன்சீப் விசாரணை! அது முடிய ஆன காலத்தில் இன்னொரு லைசென்ஸே வாங்கியிருக்கலாம்.

கேட்டவர்கள் எல்லாரும், "தாமதமும் நல்லதுக்குத்தான்" என்றார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். அந்த ஆபீசில் ஒருவருக்காவது சோலை என்று ஒருவன் இருப்பது தெரியுமா? பிள்ளைகளே, காகிதம் சரியாக இருந்தாலும் வருகிறவர் முகத்தைப் பாருங்கள். சரியில்லையென்றால் சாவி இல்லை, நாளைக்கு வாருங்கள் என்று பொய்யாவது சொல்லுங்கள். இதை நான் கற்றுக்கொண்டது அந்த டைப் பிழையில்தான். லைசென்ஸ் ஒழுங்காக வந்திருந்தால் அந்த ரிவால்வர் அன்றைக்குப் பெரியகருப்பன் மடியில் இருந்திருக்கும். துடைத்து, தோட்டா போடச் சொல்லிக் கொடுத்து, சிரித்த முகத்தோடு நான்தான் விற்றிருப்பேன்.