இருபத்தேழும் கோளாறு சாரும்

காலை ஆறேகால் மணிக்கு அவர் விமானத்தின் வயிற்றுக்குள் தோள்வரை கையை விட்டுக்கொண்டு, கண்ணை மூடி எதையோ துழாவிக்கொண்டிருப்பார். புதிதாகப் பார்ப்பவர்கள் பழுது பார்க்கிறார் என்று நினைப்பார்கள். இல்லை, கெடுத்துக்கொண்டிருக்கிறார். ஓர் இணைப்பை விரல் நுனியால் அரைச்சுற்றுத் தளர்த்துவார். நல்ல ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு, அந்த இடத்தில் எரிந்துபோன ஒன்றைச் செருகுவார். பிறகு கையைத் துணியில் துடைத்து, விமானத்தின் அடிவயிற்றை இரண்டு தட்டுத் தட்டி, "கோச்சுக்காத, மத்தியானத்துக்குள்ள சரியாயிடும்" என்பார்.

விமானப் பொறியியல் பயிற்சிப் பள்ளியில் அவருக்குச் சம்பளமே இதற்குத்தான். எட்டரைக்கு வரும் மாணவர்கள் எங்கே என்ன கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்காக விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்ற போர் விமானம் ஒன்று ஹேங்கர் எனும் கொட்டகையில் நிற்கிறது. தினமும் காலையில் அதற்கு நோய் கொடுக்க, அதே படையிலிருந்து ஓய்வு பெற்ற இவர். மாணவர்கள் வைத்த பெயர் கோளாறு சார். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அவரும் "என்னப்பா?" என்கிறார். ஒருமுறை வீட்டில் கரண்டு போனபோது மின்சார அலுவலகத்தைக் கூப்பிட்டு, பழக்க தோஷத்தில் "கோளாறு பேசறேன்" என்று ஆரம்பித்துவிட்டார். மறுமுனைக்காரர், "அத நாங்க வந்து பாத்து சொல்றோம் சார்" என்றாராம்.

விமானத்தின் வாலில் 27 என்று எழுதியிருக்கும். படையில் இருந்தபோது பதினான்கு வருடம் அவர் அதைத்தான் கவனித்துக்கொண்டார். ஓய்வு பெற்று வீட்டில் செய்தித்தாளை விளம்பரம் உட்பட வாசித்துத் தீர்த்துக்கொண்டிருந்த நாளில், இருபத்தேழு இந்தப் பள்ளிக்கு வந்திருப்பதாக யாரோ சொன்னார்கள். மறுநாளே மனுப் போட்டார். "வேலை வேணும்னு வரல. அது இங்க தனியா நிக்குதுன்னாங்க, வந்தேன்" என்பார். ஏழு வருடமாகிறது.

ஆள் ஒல்லி. மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பார். கைக்கடிகாரம், மோதிரம் எதுவும் கிடையாது. விமானத்துக்குள் ஒரு பொருளும் விழுந்துவிடக் கூடாது. தொடங்கும் முன் ஸ்பேனர்களை எண்ணுவார், முடித்ததும் எண்ணுவார். இந்த வியாதி வீடுவரை வந்துவிட்டது. "சாப்பிட்டு முடிச்சதும் கரண்டிய எண்ணுற மனுஷன் உலகத்துலயே இவர் ஒருத்தர்தான். திருடி எங்க அம்மா வீட்டுக்கா அனுப்பப் போறேன்?" என்பது அவர் மனைவியின் நிரந்தரப் புகார். இன்னொரு புகார், குளியலறைக் குழாய் நாலு மாதமாகச் சொட்டுகிறது. அந்த அம்மாளுக்கு இருபத்தேழின் பெயர் மூத்தவள். கல்யாணத்துக்கு முன்பே அது அவர் வாழ்க்கைக்குள் வந்துவிட்டது. "மூத்தவளுக்கு இன்னைக்கு என்ன கெடுதல் பண்ணிட்டு வந்தீங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் சாயங்காலம் காப்பி கொடுப்பார். மூத்தவளை ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை.

கோளாறு சாரிடம் நீளமான, அட்டை போட்ட நோட்டு ஒன்று உண்டு. என்ன கெடுக்கப் போகிறார், எங்கே, எப்போது என்று எல்லாம் அதில் இருக்கும். முதலில் எழுத வேண்டும், பிறகுதான் கை வைக்க வேண்டும். கை வைத்துவிட்டு எழுதியது ஏழு வருடத்தில் ஒருமுறைகூட இல்லை. சரியானதும் பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போடுவார்.

எந்த வீட்டு விசேஷத்திலும், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் தப்பிக்க முடியாத கதை ஒன்றும் அவரிடம் உண்டு. விமானம் கிளம்பும் முன் அவர் மூக்குக்கு இடப்பக்கமாகப் போய் நின்று, எல்லாம் சரி என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார். மேலே உட்கார்ந்திருக்கும் விமானி பதிலுக்குக் கட்டைவிரலைக் காட்ட வேண்டும். அதுவரை கையை இறக்கக் கூடாது. ஒரு நாள் விமானிக்கு வானொலியில் பேச்சு முடியவே இல்லை. உச்சி வெயிலில் பதினொரு நிமிடம் தூக்கிய கையோடு நின்றார். "தோள்பட்டை கழண்டு விழுந்துடும்போல இருந்துச்சு. ஆனா எறக்குனா, எங்கயோ ஏதோ சரியில்லன்னு அர்த்தம் ஆயிடும். அதெப்படி எறக்குறது?" இந்த இடத்தில் கதை கேட்பவர் சாம்பாருக்குக் கை நீட்டினால்கூட அவருக்குக் கோபம் வரும்.

இந்த வருட ஆரம்பத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. பழைய விமானங்களைப் பார்வையிட ஒரு குழு வரும். பயிற்சிக்குத் தகுதியானால் வைத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் வாசலில் அலங்காரத்துக்கு நிறுத்திவிடுவார்கள். அலங்காரம் என்ற சொல்லே அவருக்குப் பிடிக்காது. "உள்ள இருக்குறத உருவிட்டு, வாய அடைச்சு, கம்பத்துல குத்தி வெச்சுடுவாங்க. அப்புறம் என்ன இருக்கு? தினம் கெடுத்தாலும் இப்ப அதுக்கு உசிரு இருக்குல்ல?" என்றார்.

குழு வருவதற்கு இரண்டு நாள் முன்பு அது நடந்தது. அன்றைய பாடத்துக்கு அவர் வைத்திருந்தது ஒரே ஒரு எரிந்த ஃபியூஸ். அதனால் இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப் கீழே இறங்காது. மாணவர்கள் அரை மணி நேரத்தில் ஃபியூஸைப் பிடித்துவிட்டார்கள். ஃபிளாப் இறங்கியது, ஆனால் சோம்பலாக இறங்கியது. அவர்கள் விடவில்லை. பதினொரு மணிக்கு, விரலில் எண்ணெயோடு வகுப்புத் தலைவியான மாணவி ஓடி வந்தாள்.

"சார், ரெண்டாவதையும் புடிச்சுட்டோம்!"

"ரெண்டாவதா?"

"ஹைட்ராலிக் பைப்புல விரிசல் சார். தலைமுடி மாதிரி மெல்லிசா! இத எப்படி சார் போட்டீங்க?"

அவர் போய்ப் பார்த்தார். ஃபிளாப்பை எண்ணெய் அழுத்தத்தால் இறக்கும் குழாயில், அதைப் பிடித்திருந்த கிளாம்புக்கு அடியில் ஒரு கோடு, அதில் எண்ணெய் முத்து முத்தாகக் கசிந்துகொண்டிருந்தது. ஏழு வருடத்தில் இருபத்தேழு தானாகக் கெட்டது அதுதான் முதல் முறை. மாணவர்கள் பாராட்டுக்காகக் காத்திருந்தார்கள். "நல்லா பாத்தீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார். 

பள்ளி முதல்வர் நல்ல மனிதர், அவருக்கும் விமானம் வேண்டும். அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார்: "உங்க நோட்டுல ஒரு வரி சேத்துடுங்களேன். பயிற்சிக்காக வெச்ச விரிசல்னு. பைப்ப மாத்திட்டா விஷயம் முடிஞ்சுது. குழு உங்க நோட்டத்தான் பாக்கும்."

அன்று இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவர் எழுந்து போய்விட்டார். "கரண்டிய எண்ணலையா?" என்று மனைவி கேட்டார். விஷயம் வெளியே வந்தது.

"எழுதிட்டுப் போங்களேன். யார் கேக்கப் போறாங்க?"

"யாரும் கேக்க மாட்டாங்க. அதான் கஷ்டமா இருக்கு. என் கையெழுத்தப் பாத்துட்டு எந்த பைலட்டும் ஒரு கேள்வி கேட்டதில்ல. பேசாம ஏறி உக்காந்துருவான்."

மறுநாள் காலை நோட்டைத் திறந்து எழுதினார்: 'இது நான் வைத்ததல்ல. தானாக வந்த விரிசல்.' அடுத்த நாள் குழு வந்தது, படித்தது. நேர்மையைப் பாராட்டி இரண்டு வரி எழுதியது. வயதான குழாய்களில் இனி அழுத்தம் ஏற்றுவது ஆபத்து, திங்கட்கிழமை வாசலுக்கு நகர்த்தலாம் என்று மூன்றாவது வரியில் எழுதியது.

சனிக்கிழமை பள்ளி விடுமுறை. காலையில் கிளம்பிப் போனவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. மனைவி டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு முதல் முறையாக அந்த ஹேங்கருக்கு வந்தார். விமானத்துக்கு அடியில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"இவ்ளோதானா மூத்தவ? நான் இன்னும் பெருசா இருக்கும்னு நெனச்சேன்."

கால்கள் அசைந்தன. "சாப்பாட்ட வெச்சுட்டு ஏணில ஏறு. டார்ச் புடிக்க ஆள் இல்ல."

அடுத்தடுத்த வகுப்புகளுக்காக வேறு வேறு பகுதிகளில் அவர் முன்பே வைத்து, இன்னும் எடுக்காமல் விட்ட கோளாறுகள் பத்தொன்பது. நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டிருந்தார். தளர்த்தியதை இறுக்கினார். மாற்றிச் செருகியதை அதன் இடத்தில் வைத்தார். விரிசல் விட்ட குழாயைக்கூடக் கழற்றி, கிடங்கிலிருந்த புதிய குழாயை மாட்டியிருந்தார்.

"திங்கக்கெழம எல்லாத்தையும் உருவப் போறாங்கன்னு சொன்னீங்களே. அப்புறம் எதுக்குங்க இது?"

"நான் கெடுத்ததோட அனுப்ப மனசு வரல." வெளியே தவழ்ந்து வந்து, "வளையலக் கழட்டிட்டு ஏறு. உள்ள விழுந்துடும். எத்தன இருக்கு?"

"ஆறு."

நோட்டின் ஓரத்தில் ஆறு என்று எழுதிக்கொண்டார். மனைவி முந்தானையைச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறி, விமானி இருக்கைக்குப் பின்னால் டார்ச் அடித்தார். இவர் மறுபக்கமாக ஏறி, தலையை உள்ளே விட்டு, கடைசி இணைப்பை இறுக்கினார். கீழே இறங்கி ஸ்பேனர்களை எண்ணினார். வளையல்களை எண்ணினார், ஆறும் இருந்தன. பத்தொன்பது கோளாறுகளுக்கும் எதிரில் கையெழுத்துப் போட்டார். தான் வைக்காத அந்த ஒன்றுக்கு எதிரிலும் போட்டார்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, விமானத்தின் மூக்குக்கு இடப்பக்கமாகப் போய் நின்று, நிமிர்ந்து, கட்டைவிரலை உயர்த்தினார். இருக்கையில் யாரும் இல்லை. உயர்த்திய கை அப்படியே நின்றது. ஒரு நிமிடம் ஆனது. கை இறங்கவில்லை.

ஏணியின் உச்சியில் நின்றிருந்த மனைவி அந்தக் கதையை எத்தனையோ பந்திகளில் கேட்டவர். டார்ச்சை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கைக் கட்டைவிரலை நன்றாக உயர்த்திக் காட்டினார்.

கீழே நின்றவர் கையை இறக்கினார்.