முட்டை மேல் எட்டுக் கோடு

நான் கொண்டுபோன முட்டைகளில் ஒன்றுகூடக் கூமுட்டை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்புப் பாதியோடு நின்ற படிப்பு என்னுடையது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். வரி கோணலாகப் போனால் போகட்டும். விஷயம் நேரானது.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் கடலூர் பழைய டவுனில் இருந்தோம். மச்சான், அதாவது என் வீட்டுக்காரர், பினாங்கில் ஒரு துணிக்கடையில் வேலையாக இருந்தார். வீட்டில் மாமியாரும் நானும், கொல்லையில் முப்பது நாற்பது கோழியும். குஞ்சு பொரிக்க வைப்பதில் அந்தத் தெருவில் எனக்கு மேல் ஆள் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொன்ன பிறகுதான் கோழியை அடை வைப்பேன். வெளிச்சத்தில் வைத்தால் எழுந்து ஓடும். மசங்கலில் வைத்தால் அடங்கி உட்காரும். உட்காரும்போதே ஒவ்வொரு முட்டையிலும் அடுப்புக்கரியால் ஒரு கோடு. பிறகு ஒவ்வொரு மஃரிபுக்கும் ஒரு கோடு. எண் எழுதினால் தினமும் அழித்து எழுத வேண்டும். கோடு என்றால் சேர்த்துக்கொண்டே போகலாம்.

ஒரு நாள் காலையில் எங்கள் வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. இறங்கிய அம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும், முப்பத்திரண்டு முப்பத்துமூன்று. சிதம்பரத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் டாக்டராம். ஊசி போடுகிற டாக்டர் இல்லையாம்.

"எட்டு நாள் அடைகாத்த முட்டை வேணும். வாரத்துக்கு ரெண்டு டஜன். குடுப்பீங்களா?"

"எட்டு நாள் ஆனதைத் திங்க முடியாதும்மா. உள்ள குஞ்சு உருவாயிருக்கும்."

"திங்கறதுக்கு இல்ல. அதுல புத்துநோயை வளத்துப் பாக்கணும்."

கதவைச் சாத்தத்தான் கை போனது. போன வருஷம்தான் என் லாத்தா, கூடப்பிறந்த அக்கா, மார்பில் கட்டி வந்து மவுத்தாகியிருந்தாள். கடைசி ஆறு மாதம் அவளுக்குத் தனித் தட்டு, தனிப் பாய். ஒட்டிக்கொள்ளும் என்று சொன்னவர்கள் எல்லோரும் அவள் கையால் பிரியாணி தின்று வளர்ந்தவர்கள். அவர்கள் பார்க்கவே நான் அவள் தட்டில் மிச்சம் வைத்த சோற்றைத் தின்றேன். எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை.

"வளத்து?" என்று கேட்டேன்.

"அது எப்படிச் சாவுதுன்னு பாக்கணும்."

கதவைத் திறந்துவிட்டேன்.

மாமி முணுமுணுத்தார். "அந்தச் சனியனை ஊட்டுக்குள்ள கொண்டாந்துடாதே."

"சனியன் அங்கதான் இருக்கு மாமி. நான் முட்டையைத்தான் கொண்டு போறேன்."

அப்படித்தான் தொடங்கியது. வாரம் ஒரு நாள் விடியற்காலையில் பாசஞ்சர் ரயில். கூடையில் உமி, உமிக்குள் முட்டை, அதைச் சுற்றி மச்சான் அனுப்பிய கம்பளி. சூடு ஆறாமல் இருக்கக் கூடையைச் சிதம்பரம் வரை மடியிலேயே அணைத்துக்கொண்டு போவேன். பரங்கிப்பேட்டையில் ஏறும் மீன்காரிகள் கேலி செய்வார்கள். "இன்னா பாயம்மா, இன்னிக்கு நீதான் அடையா?"

"ஆமா. கொத்துவேன், தள்ளி உக்காரு."

ஆராய்ச்சிக்கூடத்தில் டாக்டரம்மா ஒவ்வொரு முட்டையின் கோடுகளையும் எண்ணி நோட்டில் எழுதுவார். பிறகு ஓட்டில் ஒரு சின்ன சன்னல் வெட்டுவார். எலியின் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்த கடுகளவு துணுக்கை உள்ளே இருக்கும் சவ்வின்மேல் வைத்து, சன்னலை மூடி, மின்சாரப் பொரிப்புப் பெட்டியில் வைப்பார்.

இரண்டாம் வாரம் என்னைக் கூப்பிட்டு ஒரு முட்டையின் சன்னலைத் திறந்து காட்டினார். சவ்வில் கிளைகிளையாக ஓட வேண்டிய சிவப்பு நூல்கள் எல்லாம் பாதை மாறி அந்தத் துணுக்கை நோக்கி ஓடியிருந்தன. பந்திக்கு முந்துகிற கூட்டம் மாதிரி. லாத்தாவின் மார்பில் அந்தக் கட்டியைச் சுற்றி இதே மாதிரிதான் நீலமாக நரம்பு ஓடியிருந்தது. மாராப்பை விலக்கி மருந்து தடவியவள் நான். எனக்குத் தெரியாதா?

"யாரு டாக்டரம்மா இதுங்களைக் கூப்புட்டது?"

"கட்டிதான். ரத்தம் வந்தாத்தான் அதுக்குச் சாப்பாடு. ரத்தக் குழாய் வரலைன்னா கடுகாவே கிடந்து காஞ்சுபோயிடும்."

"குஞ்சு ஏன் சும்மா இருக்கு? வெரட்ட வேண்டியதுதானே?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இந்தக் கேள்விக்காகத்தான் இரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாராம். முட்டைக்குள் இருக்கும் குஞ்சுக்கு எது தன் உடம்பு, எது அந்நியம் என்று தெரியாதாம். பொரிவதற்குச் சில நாள் முன்னால்தான் அதற்குக் காவல் வருமாம். வந்ததும் கட்டியை அடித்து விரட்டுமாம். காவல் வந்த பிறகு ரத்தக் குழாய் வாடுகிறதா, குழாய் வாடிய பிறகு காவல் உள்ளே நுழைகிறதா? அதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். அதற்கு முட்டையின் நாள் பிசகக் கூடாது.

"எங்கிட்டப் பெசகாது," என்றேன்.

ஆறு மாதம் கழித்துப் பிசகியது. அல்லது பிசகியதாகச் சொன்னார்கள். ஆராய்ச்சிக்கூடத்திலேயே முதல் நாளிலிருந்து பெட்டியில் வைத்த முட்டைகளும் கொஞ்சம் உண்டு. அவற்றில் பதினெட்டாம் நாள் கட்டி வாட ஆரம்பித்தது. என் முட்டைகளில் பதினெட்டாம் நாளும் கட்டி கொழுகொழுவென்று இருந்தது. பத்தொன்பதில்தான் வாடியது. ஒரு தடவை இல்லை, எல்லாத் தடவையும்.

அன்றைக்கு நான் கூடையோடு போனபோது துறைத் தலைவர் வாசலிலேயே நின்றிருந்தார். பெரிய டாக்டர் என்று எல்லோரும் அழைக்கும் ஆள்.

"ஏம்மா, எங்கயோ கிடைக்கிற முட்டையை வாங்கி கரியால கோடு போட்டுக் கொண்டாறியா?"

"எங்கயோ கெடைக்கிற முட்டையா? அய்யா, இது ஒவ்வொண்ணும் எந்தக் கோழி வுட்டதுன்னு சொல்லுவேன்."

"அதெல்லாம் வேணாம். இனிமே நீ வர வேண்டியதில்ல." டாக்டரம்மா பக்கம் திரும்பினார். "இந்தம்மா முட்டையில எடுத்த கணக்கு அத்தனையும் கிழிச்சுப் போடுங்க. படிக்காத பொம்பளை கோட்டை நம்பி ஆராய்ச்சியா?"

டாக்டரம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. நோட்டில் முக்கால்வாசி என் முட்டைதான். அதைக் கிழித்தால் அவர் வேலையில் மிஞ்சுவது அட்டை மட்டும்.

நான் கூடையைத் தரையில் வைக்கவில்லை. வைத்தால் சூடு ஆறிவிடும். இடுப்பில் இடுக்கிக்கொண்டே சொன்னேன். "உங்க பெட்டியில இருக்கிற முட்டையை எடுத்தாங்க. எத்தனை நாளுன்னு நான் சொல்றேன். சொல்லலைன்னா கிழிங்க. நானே அடுப்புல போட்டு எரிக்கிறேன்."

பெரிய டாக்டருக்குச் சிரிப்பு. ஆனாலும் வேடிக்கை பார்க்க ஆசை. சன்னல் வெட்டாத பன்னிரண்டு முட்டைகளை அட்டெண்டர் எடுத்துவந்தார். எழுதியிருந்த எண்களின்மேல் காகிதம் ஒட்டி மறைத்திருந்தார்கள். அறையின் திரைகளை இழுத்துவிட்டார்கள். ஓட்டை போட்ட தகரத்துக்குள் விளக்கு. நான் பிஸ்மி சொல்லி முதல் முட்டையை ஓட்டைமேல் வைத்தேன். நடுவில் ஒரு புள்ளி, சிலந்திக் கால் மாதிரி சுற்றிலும் சிவப்பு நூல்.

"அஞ்சு."

அட்டெண்டர் எழுதினார். அடுத்தது. நூல் ஓட்டின் உள்பக்கம் முழுக்கப் பரவிவிட்டது, புள்ளி அசைகிறது.

"ஒம்போது."

இப்படிப் பன்னிரண்டும் சொன்னேன். அவசரப்படவில்லை. பெரிய டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இருந்தேன்.

காகிதத்தை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். நான் ஐந்து என்றதில் நான்கு. ஒன்பது என்றதில் எட்டு. ஏழு என்றதில் ஆறு.

"பன்னெண்டுக்குப் பன்னெண்டும் தப்பு," என்றார் பெரிய டாக்டர். "போய்ட்டு வாம்மா."

நான் நகரவில்லை. என் கண் எனக்குத் தெரியும். அப்போது டாக்டரம்மா அட்டெண்டர் கையிலிருந்த காகிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"சார், பன்னெண்டும் ஒண்ணு ஜாஸ்தி. எதுவும் ரெண்டு ஜாஸ்தி இல்ல, எதுவும் கம்மி இல்ல. தப்புன்னா இப்படி வரிசையா வராது." என் பக்கம் திரும்பினார். "பாயம்மா, முதல் கோட்டை எப்போ போடுவீங்க?"

"கோழி உக்காந்ததும்."

"உக்காந்த அன்னிக்கேவா? இன்னும் ஒரு நாள் முடியலையே?"

"முடியணுமா? மஃரிப் ஆனா எங்களுக்கு மறுநாள் பொறந்துடுச்சு. பொறந்த நாளை எண்ண வேணாமா? லாத்தாவுக்கு நாப்பதாம் நாள் பாத்திஹா ஓதினப்போ அவ மவுத்தான அன்னிக்கிருந்துதான் எண்ணினோம்."

பெரிய டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை. "ஏன், உங்க வீட்டுல பதினோராம் நாள் புள்ளைக்குப் பேரு வைக்கிறீங்களே, பொறந்த நாளை விட்டுட்டா எண்ணுறீங்க?"

டாக்டரம்மா சிதம்பரம் கோயில் வீதிக்காரர், அந்த வழக்கம் அவர் வீட்டிலும் உண்டு. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இல்ல பாயம்மா. சேத்துத்தான்." பெரிய டாக்டரும் அந்த வீதிதான், அவர் சிரிக்கவில்லை. திரையை விலக்கச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். கிழிக்கச் சொன்னதை மறுபடி சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

அன்றைக்கு நான் சாயங்கால ரயிலில்தான் திரும்பினேன். அதுவரை டாக்டரம்மா நோட்டைப் புரட்டி, என் முட்டையின் நாள் ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் அடித்து ஒன்று குறைத்து எழுதிக்கொண்டிருந்தார். பத்தொன்பது எல்லாம் பதினெட்டாயிற்று. என் முட்டையும் பெட்டி முட்டையும் ஒன்றாக நின்றன. காவல் வருவதும் குழாய் வாடுவதும் ஒரே நாளில் விழுந்தன. எது முந்தி என்று இனி மணிக்கணக்கில் பார்க்க வேண்டும் என்றார். சலிப்பாகச் சொல்லவில்லை, பசித்தவள் இலையைப் பார்ப்பது மாதிரிச் சொன்னார்.

கிளம்பும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார். "இனிமே முதல் கோட்டை மறுநாள் போடுங்களேன் பாயம்மா. சுலபமா இருக்கும்."

"மாட்டேன்."

"ஏன்?"

"கோழி உக்காந்த நேரத்துலேருந்து உள்ள உசிரு வேலை செய்யுது. அந்த நாளை நான் எப்படி இல்லேம்பேன்? கழிக்கத் தெரிஞ்சவங்க நீங்க. நீங்க கழிச்சுக்குங்க."

அடுத்த வாரம் கூடையோடு போனேன். உள்ளே நுழையும்போது பெரிய டாக்டர் எதிரே வந்தார். ஒதுங்கிப் போகப் பார்த்தார். நான் உமியை விலக்கி ஒரு முட்டையை எடுத்து நீட்டினேன்.

"எண்ணிப் பாருங்கய்யா."

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கோடுகளை எண்ணினார். எட்டு இருந்தது.

"ஏழு நாள்," என்றார்.

"உங்களுக்கு ஏழு," என்று சொல்லிவிட்டு, சூடு ஆறுமுன் முட்டையை வாங்கி உமிக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனேன்.