பாஸ்வேர்டு போடாத ஃபோல்டர்

என் கணவர் இறந்து இரண்டு வருடமாகிறது. கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலை முடிந்ததும் தினமும் போனில் குரல் பதிவு அனுப்புவார். அவற்றை அவருடைய லினக்ஸ் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருந்தேன். என் விண்டோஸ் லேப்டாப்பிலும் கேட்பதற்காக, அந்த ஃபோல்டரை வைஃபை வழியாகப் பகிர்ந்தேன். பாஸ்வேர்டு தொல்லையாக இருந்ததால், யார் வேண்டுமானாலும் திறக்கலாம், மாற்றலாம் என்று விட்டுவிட்டேன். மாடியில் புதிதாகக் குடிவந்த தெரசாவுக்கும் அதே வைஃபைதான் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

ஒரு ஞாயிறு மதியம் சாப்பிட உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தால், ஃபோல்டரைக் காணோம். லினக்ஸிலும் இல்லை. பழைய போன் எப்போதோ பழுதாகிவிட்டது. தட்டைத் தள்ளிவிட்டு அழுதேன். சொல்லி அழக்கூட வீட்டில் ஆளில்லை.

மாலையில் தெரசா தன் லேப்டாப்போடு வந்தாள். "அக்கா, என் பழைய லேப்டாப்புல இருந்த பாட்டெல்லாம் வைஃபைல இதுக்கு மாத்திக்கினு இருந்தேன். உங்க ஃபோல்டரயும் என்னுதுன்னு நெனச்சு கட் பண்ணிட்டேன் போல. போட்டா யாரோ பேசுறாரு. இந்த வைஃபைல நாம ரெண்டு வீடுதானே, அதான் உங்களுதான்னு கேக்க வந்தேன்" என்று ஒன்றைப் போட்டுக் காட்டினாள்.

"வண்டி ஏறிட்டேன். சோறு வடிச்சு வெச்சுடு."

"இன்னாக்கா, அழுவுறீங்க?" என்று பதறினாள்.

"எங்க வீட்டுக்காரரும்மா" என்றேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாப் பதிவுகளையும் கேட்டாள்.

இப்போது ஃபோல்டருக்குப் பாஸ்வேர்டு உண்டு. நெட்வொர்க்கில் கேட்க மட்டுமே முடியும், அழிக்க முடியாது. ஒரு பிரதி பென்டிரைவில் இருக்கிறது. இன்னொன்றை தெரசாவிடமே விட்டுவைத்திருக்கிறேன். அவரைப் பார்த்தே இராத ஒருத்திக்கு அவர் குரல் தெரியும் என்பது எனக்குத் துணையாக இருக்கிறது.