ஒரு பிடி மண்

உலோகம் காட்டும் கருவியை முடுக்கும் முன் தாய்மாமா இருசப்பன் ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் இறுக்குவார். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் தேடுவார். உருண்டையாக ஒட்டினால் யார் கெஞ்சினாலும் வெயில் காலத்துக்குத் தள்ளிவிடுவார். பல வருடங்களாக இதைப் பார்த்திருக்கிறேன்.

வாரநாளில் ரவாங்கில் தொழிற்சாலை வேலை. ஞாயிறுகளில், தோட்டங்களில் தொலைந்த நகைகளை அந்தக் கருவியால் தேடித் தருவார். பத்தாங் காலியின் செம்மண்ணில் இரும்புக்கல்தான் தொல்லை. அது அவருக்குப் பழகியிருந்தது. கோலா சிலாங்கூரின் கடலோரக் களி வேறு. ஈர உப்பு மண்ணே கருவியைக் கத்தவைக்கும்.

போன நவம்பரில் அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழம் பொறுக்கும் புனிதவதியக்காவின் தாலி மட்டையில் மாட்டி அறுந்து விழுந்தது. வெளியே சொன்னால் அபசகுனம் என்று மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கட்டி ரவிக்கைக்குள் மறைத்துக்கொண்டார். விஷயம் தெரியாமல், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அதே மரங்களைச் சுற்றிப் பொட்டாஷ் உரம் போடவைத்தார். அதுவும் உப்புதான். பிறகு மழை.

அடுத்த வியாழக்கிழமை அக்காவின் கணவருக்கு இருதய அறுவை சிகிச்சை. அதற்குள் தாலி வேண்டும் என்று மாமாவை அழைத்தார். நானும் போனேன். மண் மாமாவின் கையில் ஒட்டியது.

வேதியியல் படித்தவள் நான். கருவியின் கையேட்டில் பாதி படித்திருந்தேன். "மாமா, உப்புக்குன்னு தனி செட்டிங் இருக்கு. போட்டா சத்தம் அடங்கிடும்."

கையைத் துடைத்தார். "படிச்ச புள்ள சொல்றே. போட்டுப் பாப்போம்லா."

கருவி அடங்கியது. பன்னிரண்டு மரங்களைச் சுற்றினோம். எதுவும் ஒலிக்கவில்லை. இங்கே இல்லை என்று மாமா சொல்லிவிட்டார். அக்கா மஞ்சள் கிழங்கோடுதான் மருத்துவமனைக்குப் போனார். கணவர் பிழைத்துக்கொண்டார்.

மீதிப் பக்கங்களை அதன்பிறகே படித்தேன். மெல்லிய தங்கமும் ஈர உப்பும் கருவிக்கு ஏறக்குறைய ஒன்றாகவே தெரியுமாம். ஒன்றை அடக்கினால் மற்றதும் அடங்கிவிடும். மாமாவிடம் சொன்னேன். திட்டவில்லை.

"உப்ப வாய மூடச் சொன்னோம், தங்கமும் மூடிக்கிச்சு," என்றார். உடனே அக்காவுக்குப் போன் போட்டார். "இல்லன்னு சொன்னது தப்பு, தங்கச்சி. மண்ணு காயட்டும், வந்து எடுத்துத் தரேன்."

ஜனவரியில் மாமா மாரடைப்பில் இறந்தார். கருமாதிக்கு வந்த புனிதவதியக்காவின் கழுத்தில் இன்னும் மஞ்சள் கிழங்கு. மாமா ஏன் என்னை நம்பினார் என்பதைவிட, பாதி படித்த என்னை நானே ஏன் நம்பினேன் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

போன ஞாயிறு கருவியோடு அந்த மரங்களுக்குப் போய் ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பார்த்தேன். ஒட்டியது. கருவியை முடுக்காமல் திரும்பிவிட்டேன்.