பேச்சியக்கா வாங்காத சாவி

உண்டியல் கொடுத்தால் ஏழைகளின் சேமிப்பு கூடுமா என்று பார்க்கும் ஆய்வில் எனக்குக் களப்பணி. ஏரல் பக்கத்து ஊர்களில் குலுக்கல் போட்டு, பாதி வீடுகளுக்கு மட்டும் தகர உண்டியல் கொடுத்தோம். இடையில் எடுத்துச் செலவழித்துவிடக் கூடாதென்று சாவிகளை நாங்களே வைத்துக்கொண்டோம்.

பேச்சியக்கா வீட்டு உண்டியல்தான் நல்ல கனம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தசரா நெருங்கிய ஒரு காலையில் அவர் கணவர் மயங்கி விழுந்தார். உடனே பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், கையில் பணமில்லை. கேள்விப்பட்டதும் விதியை மீறிச் சாவியோடு ஓடினேன்.

“திறந்து எடுத்துக்கோங்கக்கா.”

அவர் சாவியைத் தொடவே இல்லை.

“இது எங்க காசு இல்ல தாயி. அவுக காளி வேஷம் கட்டி ஊர் ஊராப் போயி வாங்குன காணிக்கை. குலசை அம்மனுக்குச் சேரணும். பூட்டு இருக்கேன்னுதான் இதுல போட்டேன்.”

“உயிரைவிடவாக்கா?”

“போன வருசம் அவுக சீக்காக் கெடந்தப்ப பிழைக்கணும்னு நேந்ததுதான் இந்த வேஷமே. அதுல போயி கை வைக்கச் சொல்லுதியே!”

பக்கத்துத் தெருவில் வட்டிக்கு வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். நான் சாவியோடு வாசலில் நின்றேன்.

அது சேமிப்பல்ல, காணிக்கை என்று அலுவலகத்தில் சொல்லிப் பார்த்தேன். ஒரு வீட்டுக்காகக் கணக்கை மாற்ற முடியாது என்றார்கள். உண்டியலால் அந்த வீட்டில் சேமிப்பு கூடியது என்றே பதிவாயிற்று.

கணவர் பிழைத்துவிட்டார். “அந்தக் காசைத் தொடல பாத்தியா, அதான் அம்மன் காப்பாத்திட்டா” என்கிறார் பேச்சியக்கா, இன்னும் வட்டி கட்டிக்கொண்டே.

எதனால் எது நடந்தது என்று கண்டறியத்தான் என்னை அனுப்பியிருந்தார்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.